நெட்ஸ்டாட் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது போர்ட் எண்ணை அல்ல

வாசகர் கேள்வி: வணக்கம் சார். ஒரு வீடியோவில் சொன்னதைக் கேட்டு என் விண்டோஸ் லேப்டாப்பில், நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். திரை கொள்ளாத அளவுக்கு வரிகள். 135, 445, 5040, 7680, அப்புறம் 49664-லிருந்து வரிசையாக ஐந்தாறு எண்கள், எல்லாவற்றுக்கும் எதிரே லிசனிங் என்று இருக்கிறது. இத்தனை போர்ட் திறந்து கிடக்கிறதே, யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் மூடும் இலவச டூல் ஒன்றை ஒரு தளத்தில் பார்த்தேன், போடலாமா? இன்னொன்று, நான் ஜாவா கற்றுக்கொண்டிருக்கிறேன். என் புரோகிராமை ஓட்டினால் 8080 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லி நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

பதில்:

வணக்கம். அந்த இலவச டூலை இறக்கி வைத்திருந்தால் ஓட்டாமலேயே அழித்துவிடுங்கள். போர்ட்டை மூடித் தருகிறேன் என்று வரும் எந்த டூலும் அட்மின் அனுமதி கேட்கும். யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றுக்கு அந்த அனுமதியைத் தூக்கிக் கொடுப்பது, உங்கள் பட்டியலில் இப்போது இருக்கும் எந்த வரியையும்விடப் பெரிய ஆபத்து. நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் எல்லாமே விண்டோஸ் தானாகவே வைத்திருப்பவை. புதிதாக வாங்கி இன்னும் எதையும் இன்ஸ்டால் செய்யாத கணினியில் ஓட்டினாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். ஆகவே இந்த எண்களை மட்டும் வைத்து யாரோ புகுந்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வர வேண்டாம். 8080 வேறு விஷயம், அதற்கும் வருகிறேன்.

போர்ட் என்பது வெறும் ஒரு எண். 0 முதல் 65535 வரை போகும். நெட்வொர்க்கில் தரவு அனுப்பும் இரண்டு முறைகளான டிசிபிக்குத் தனியாக, யுடிபிக்குத் தனியாக. அந்த எண் தானாகத் திறந்துகொள்வதில்லை. ஏதோ ஒரு புரோகிராம் இயங்குதளத்திடம் போய் "இந்த எண்ணுக்கு யாராவது வந்தால் என்னிடம் அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. அதைத்தான் பட்டியல் லிசனிங் என்று காட்டுகிறது. புரோகிராமை நிறுத்தினால் போர்ட்டும் போய்விடும். அதனால் "எந்தப் போர்ட் திறந்திருக்கிறது" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பயம்தான் மிஞ்சும். கேட்க வேண்டியவை மூன்று: யார் காத்திருக்கிறார், எந்த முகவரியில் காத்திருக்கிறார், வெளியிலிருந்து வருகிற ஒருவரால் அந்த இடம் வரைக்கும் வந்து சேர முடியுமா. டூல்கள் எத்தனை இருந்தாலும் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ பதில் சொல்பவைதான். மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் டூல் கிடையாது.

முதலில் நெட்ஸ்டாட்டையே ஒழுங்காகப் படிக்கப் பழகுங்கள், அது ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நெட்ஸ்டாட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் குறி போட்டு ஏ, என், ஓ மூன்று எழுத்தையும் ஒட்டி அடியுங்கள். ஏ என்றால் காத்திருப்பவை உட்பட எல்லாம். என் என்றால் பெயர்களைத் தேடிக்கொண்டு நிற்காமல் எண்ணாகவே காட்டு என்று பொருள். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடிப் பட்டியல் ஊர்ந்து ஊர்ந்து வரும். ஓ போட்டால் கடைசி நெடுவரிசையில் பிஐடி, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு விண்டோஸ் கொடுத்த அடையாள எண் வரும், அது இல்லாமல் இந்தப் பட்டியலால் பெரிய பிரயோஜனம் இல்லை. இப்போது வரும் வரிகளில் மூன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

டிசிபி – 0.0.0.0:445 – 0.0.0.0:0 – லிசனிங் – 4
டிசிபி – 127.0.0.1:5432 – 0.0.0.0:0 – லிசனிங் – 6120
டிசிபி – 192.168.1.7:52144 – 203.0.113.20:443 – எஸ்டாப்ளிஷ்ட் – 9344

இரண்டாவதாக இருப்பது லோக்கல் அட்ரஸ், உங்கள் கணினியின் பக்கம். முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது போர்ட், முன்னால் இருப்பது முகவரி. எல்லோரும் போர்ட் எண்ணையே உற்றுப் பார்க்கிறார்கள், ஆனால் உண்மையில் செய்தி சொல்வது முன்னால் இருக்கும் முகவரிதான். முதல் வரியில் 0.0.0.0 என்று இருக்கிறது. கணினிக்கு எத்தனை நெட்வொர்க் இணைப்பு இருந்தாலும், வைஃபை, கேபிள், விபிஎன் எதுவானாலும், எல்லாவற்றிலும் காத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இதற்கு இணையாக, புதிய வகை முகவரியான ஐபிவி6 வரிகளில் சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளி மட்டும் இருக்கும், [::] இப்படி. அதுவும் அதேதான். இரண்டாவது வரியில் இருக்கும் 127.0.0.1 வேறு. அது இதே கணினிக்குள் இருக்கும் புரோகிராம்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள மட்டும் இருக்கும் முகவரி. பக்கத்து மேசையில் இருக்கும் கணினியிலிருந்துகூட அங்கே வர முடியாது. 5432 என்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எண். 127.0.0.1-இல் இருக்கும் வரை அதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், அதே வரி 0.0.0.0:5432 என்று வந்தால் உட்கார்ந்து என்னவென்று பார்ப்பேன். போர்ட் எண் ஒன்றுதான், புரோகிராமும் ஒன்றுதான், முன்னால் இருக்கும் முகவரி மாறியதால் விஷயமே மாறிவிடுகிறது.

மூன்றாவது வரி காத்திருப்பது அல்ல, உங்கள் கணினியிலிருந்து வெளியே போன இணைப்பு. எதிர்ப்பக்கம் 443, அதாவது யாரோ ஒருவருடைய பாதுகாப்பான இணையதளம். உங்கள் பக்கம் இருக்கும் 52144 என்பது அந்த ஒரு உரையாடலுக்காக விண்டோஸ் எடுத்துக்கொடுத்த தற்காலிக எண். வழக்கமாக 49152-க்கு மேலே இருக்கிற எண்களிலிருந்து எடுக்கும், இணைப்பு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் இப்படி முப்பது நாற்பது வரி வருவது சாதாரணம். திரை நிரம்பிவிட்டது என்று நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். டைம் வெயிட் என்று பிஐடி 0-வுடன் வருபவை முடிந்துபோன இணைப்புகளின் மிச்சம், சிறிது நேரத்தில் தானாக மறையும். யுடிபி வரிகளில் லிசனிங் என்றே இருக்காது, எதிர்ப்பக்கத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள்தான் இருக்கும். யுடிபியில் இணைப்பு என்கிற ஏற்பாடே இல்லாததால் அப்படி, பிழை என்று எண்ண வேண்டாம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 135 விண்டோஸின் ஆர்பிசி சேவை, புரோகிராம்கள் ஒன்றையொன்று அழைத்து வேலை வாங்க உதவுவது. 445 ஃபைல் மற்றும் பிரிண்டர் பகிர்வு, அதற்கு எதிரே இருக்கும் பிஐடி 4 என்பது சிஸ்டம், அதாவது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலே. 5040 உங்கள் மற்ற சாதனங்களோடு இணைக்கும் சேவையினுடையது. 7680 விண்டோஸ் அப்டேட்டை ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் பங்கிட்டுக்கொள்ளும் டெலிவரி ஆப்டிமைசேஷன், செட்டிங்ஸில் போய் அணைக்க முடியும். 49664-லிருந்து வரிசையாக இருப்பவை லாகின், ஈவென்ட் லாக், டாஸ்க் ஷெட்யூலர், பிரிண்ட் ஸ்பூலர் போன்ற விண்டோஸின் உள் சேவைகள் தொடங்கும்போது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்பவை. இவற்றை மூடுகிறேன் என்று டாஸ்க் மேனேஜரில் போய் ஒவ்வொன்றாகக் கொல்லாதீர்கள், சிலவற்றைக் கொன்றால் விண்டோஸ் அந்த நிமிடமே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இவை 0.0.0.0-வில்தானே இருக்கின்றன, அப்படியானால் ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, மூன்றாவது கேள்வியின் முக்கியத்துவமே இங்குதான். புரோகிராம் காத்திருப்பதும் அதுவரை ஒருவர் வந்து சேர முடிவதும் வேறு வேறு. நடுவில் விண்டோஸ் ஃபயர்வால் இருக்கிறது, அதற்கும் முன்னால் ரௌட்டர் இருக்கிறது. அபார்ட்மெண்டில் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் கீழே கேட் பூட்டியிருந்தால் தெருவில் போகிறவர் உள்ளே வர முடியாது, ஆனால் அதே கட்டடத்தில் இருப்பவர் வரலாம், அது போலத்தான். நெட்ஸ்டாட்டுக்கு வீட்டுக் கதவு மட்டும்தான் தெரியும்.

445-ஐ வைத்தே சொல்கிறேன். 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) உலகம் முழுக்கப் பரவியது இந்த 445 வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அடிபட்டவை அப்டேட் போடாமல், 445-க்கு மற்றவர்கள் வந்து சேர முடிகிற நிலையில் இருந்த கணினிகள். அப்டேட் போட்டவர்களுடைய நெட்ஸ்டாட்டிலும் 445 லிசனிங் என்றுதான் இருந்திருக்கும். பட்டியலை மட்டும் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லியிருக்க முடியாது.

அதனால் விண்டோஸில் நான் முதலில் பரிந்துரைப்பது ரிசோர்ஸ் மானிட்டர். பலருக்கு இது இருப்பதே தெரியாது. ஸ்டார்ட் மெனுவில் ரெஸ்மான் என்று அடித்தால் வரும், நெட்வொர்க் டேபுக்குப் போய் அடியில் லிசனிங் போர்ட்ஸ் என்ற பகுதியை விரித்துப் பாருங்கள். புரோகிராமின் பெயர், பிஐடி, முகவரி, போர்ட் எல்லாம் ஒரே வரியில் வரும், கடைசியில் ஃபயர்வால் ஸ்டேட்டஸ் என்று ஒரு நெடுவரிசை இருக்கும். ஃபயர்வால் அதை அனுமதிக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். நெட்ஸ்டாட்டால் சொல்ல முடியாத ஒன்றை இது சொல்கிறது, தனியாக எதையும் இறக்கவும் வேண்டாம். அங்கே அனுமதி இல்லை என்று இருப்பவற்றை விட்டுவிடுங்கள், அனுமதி உண்டு என்றும், முகவரி லூப்பேக் (127.0.0.1 போன்ற உள் முகவரி) அல்ல என்றும் இருப்பவை மட்டும்தான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. திரை கொள்ளாத பட்டியல் பத்து வரிக்குள் சுருங்கிவிடும்.

அதோடு வைஃபை இணைப்பின் செட்டிங்ஸில் அது பப்ளிக்கா பிரைவேட்டா என்றும் பாருங்கள். தெரியாத இடத்து வைஃபையில் இணைந்தால் கட்டாயம் பப்ளிக்காக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஃபைல் பகிர்வு போன்றவற்றை ஃபயர்வால் தானாகவே வெளியாருக்கு மறுத்துவிடும். புது புரோகிராம் முதல் தடவை ஓடும்போது ஃபயர்வால் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்கும் இல்லையா, பலரும் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டுப் போவார்கள். அங்கே கொடுக்கிற அனுமதிதான் பின்னால் இந்தப் பட்டியலில் வந்து நிற்கிறது.

பட்டியல் கண்முன் மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் டிசிபிவியூ போடுங்கள். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் இலவச டூல் இது. மார்க் ருசினோவிச்சும் அவர் கூட்டாளியும் நடத்திய அந்த நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது, அதனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கலாம், அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். புதிதாக வரும் இணைப்பு பச்சையில் மின்னும், நிலை மாறினால் மஞ்சள், மூடப்பட்டால் சிவப்பு. ஒரு புரோகிராமைத் திறந்த அதே நொடியில் அது எங்கெங்கே கைநீட்டுகிறது என்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நிர்சாஃப்டின் கர்போர்ட்ஸும் நல்லதுதான், பட்டியலை ஃபைலாகச் சேமிக்க வசதி அதிகம். அது சில வரிகளை இளஞ்சிவப்பில் காட்டினால் உடனே வைரஸ் என்று அலற வேண்டாம், அந்தப் புரோகிராமில் பதிப்பு விவரமும் ஐகானும் இல்லை என்று மட்டும்தான் பொருள். நீங்களே எழுதிய புரோகிராம்கூட அப்படி வரலாம்.

சரி, 8080. இதற்கும் நீங்கள் பயந்ததற்கும் சம்பந்தம் இல்லை, ஒரு டிசிபி முகவரியையும் போர்ட்டையும் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் வைத்திருக்க முடியும், ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஜாவா கற்பவர்களுக்கு இது வருவதற்கு முக்கால்வாசிக் காரணம், முந்தைய தடவை ஓட்டிய அதே புரோகிராம் இன்னும் பின்னணியில் உயிரோடு இருப்பது. எடிட்டரின் ஜன்னலை மூடிவிட்டால் புரோகிராமும் நின்றுவிடும் என்று நினைக்கிறோம், எப்போதும் அப்படி நடப்பதில்லை.

கண்டுபிடிக்க, முன்பு சொன்ன நெட்ஸ்டாட் வரியின் முடிவில் செங்குத்துக் கோட்டுக் குறி (|) போட்டு ஃபைண்ட்ஸ்டர் என்று எழுதி, முக்காற்புள்ளியோடு சேர்த்து 8080 என்று கொடுங்கள். முக்காற்புள்ளி இல்லாமல் கொடுத்தால் பிஐடி எண்ணில் 8080 வந்தாலும் பிடித்துக்கொண்டு வரும். இதே வழியில் 80-ஐத் தேடினால் 8080, 8009 எல்லாம் சேர்ந்து வரும், கவனமாகப் பாருங்கள். லிசனிங் என்ற வரியின் கடைசி எண்ணைக் குறித்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் டேபுக்குப் போய் பிஐடி நெடுவரிசையில் அந்த எண்ணைத் தேடுங்கள். ஜாவா என்று இருந்தால் உங்களுடைய பழைய ஓட்டம்தான், என்ட் டாஸ்க் கொடுக்கலாம். வேறு ஏதாவது சர்வர் மென்பொருளாக இருந்தால், அதைக் கொல்வதைவிட உங்கள் புரோகிராமின் போர்ட்டை 8081 என்று மாற்றிவிடுவது நல்லது. எடுத்தவுடன் கொல்வது கெட்ட பழக்கம், அது யாருடையது என்று தெரியாமல் செய்தால் ஒருநாள் டேட்டாபேஸைக் கொன்றுவிட்டு ஃபைல் கெட்டுப்போச்சு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதில் ஒரு விசித்திரமான நிலை உண்டு. நெட்ஸ்டாட்டில் தேடினால் அந்தப் போர்ட்டில் யாருமே இல்லை, ஆனாலும் புரோகிராம் போர்ட்டை எடுக்க முடியவில்லை என்று நிற்கும். அப்போது பிழை எண்ணைப் பாருங்கள். 10048 என்றால் நிஜமாகவே வேறொருவர் வைத்திருக்கிறார். 10013 என்றால் அனுமதி மறுப்பு, பெரும்பாலும் ஹைப்பர்-வி, டபிள்யூஎஸ்எல், டாக்கர் (கணினிக்குள் தனிக் கணினி போல ஒன்றை ஓட்ட உதவுபவை) இவற்றில் ஏதாவது இருக்கும் கணினியில் விண்டோஸ் சில போர்ட் எண்களைக் கூட்டமாக ஒதுக்கி வைத்திருக்கும், உங்கள் எண் அதற்குள் மாட்டியிருக்கும். நெட்எஸ்எச் கட்டளையில் எக்ஸ்க்ளூடட் போர்ட் ரேஞ்ச் என்று கேட்டால் அந்தப் பட்டியல் வரும். நெட்ஸ்டாட், டிசிபிவியூ எதிலும் இது தெரியாது, தெரியாமல் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் விண்டோஸ்தான் கேட்டீர்கள், ஆனால் ஜாவா கற்கிறவர் எப்படியும் ஒருநாள் லினக்ஸ் சர்வரில் போய் நிற்பீர்கள், அதனால் கொஞ்சம். அங்கே இப்போது நெட்ஸ்டாட் பல பதிப்புகளில் நிறுவப்பட்டே வருவதில்லை. அதன் இடத்தில் எஸ்எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளை. மைனஸ் போட்டு டி, யு, எல், பி, என் ஐந்தையும் சேர்த்துக் கொடுத்தால் டிசிபி, யுடிபி இரண்டிலும் காத்திருப்பவை மட்டும் புரோகிராம் பெயரோடு வரும். அட்மின் அனுமதியோடு ஓட்ட, முன்னால் சுடோ போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மற்றப் பயனர்களின் புரோகிராம் பெயர்கள் காலியாக இருக்கும், அதைப் பார்த்து ஏதோ ஒளிந்திருக்கிறது என்று தோன்றும். உபுண்டுவில் 127.0.0.53-இல் 53 என்று ஒன்று இருக்கும், அது கணினியின் பெயர்தேடும் சேவை, 127.0.0.1-இல் 631 பிரிண்டர் சேவை, இரண்டும் உள்ளுக்குள்தான். மேக்கில் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை நன்றாக வேலை செய்யும். மேக்கில் 5000 போர்ட்டை எடுக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏர்பிளே ரிசீவரைப் பார்க்கச் சொல்லுங்கள், 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து அது 5000, 7000 இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

டாக்கர் பயன்படுத்தும் நாள் வந்தால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள், இதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டாக்கரில் தனி அறை போல ஓடும் கன்டெய்னருக்குப் போர்ட் கொடுக்கும்போது முகவரி எதுவும் சொல்லாமல் 5432:5432 என்று மட்டும் கொடுத்தால் அது வழக்கமாக 0.0.0.0-வில் போய் உட்காரும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் தடுத்திருந்தாலும் டாக்கர் தன் விதிகளை நேரடியாக ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகள் இருக்கும் இடம்) எழுதுவதால் அந்தத் தடை வேலை செய்யாது. டேட்டாபேஸ் இணையத்துக்கே திறந்துவிடும், யுஎஃப்டபிள்யூவிடம் கேட்டால் மூடியிருக்கிறது என்றே சொல்லும். முன்னால் 127.0.0.1 சேர்த்து 127.0.0.1:5432:5432 என்று எழுதினால் போதும். ஒன்பதே எழுத்துள்ள இந்த முகவரியை விட்டதால் பயனர் விவரம் முழுவதையும் பறிகொடுத்த இடங்கள் உண்டு. 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் 27017-இல் திறந்து கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, திரும்பத் தரப் பணம் கேட்டார்கள். அவையெல்லாம் யாரோ மிகவும் கெட்டிக்காரத்தனமாக உடைத்து நுழைந்தவை அல்ல, போர்ட் திறந்திருந்தது, தட்டிப் பார்த்தார்கள், உள்ளே போனார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பதற்கு வேறு வகை டூல் வேண்டும், அதில் பெரிய பெயர் என்மேப். கார்டன் லயன் 1997-இல் வெளியிட்டது, இன்றும் நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களின் கை எப்போதும் போகும் டூல் அதுதான். கட்டளை அடிக்கத் தயக்கமாக இருந்தால் சென்மேப் என்று ஜன்னலோடு வரும் வடிவமும் உண்டு. ஆனால் இதை உங்கள் லேப்டாப்பிலிருந்தே உங்கள் லேப்டாப்பைச் சோதிக்க ஓட்டாதீர்கள். தனக்குத்தானே பேசும் இணைப்பை ஃபயர்வால் வெளியார் இணைப்பைப் போல நடத்தாது, அதனால் எல்லாமே திறந்திருப்பதாகத் தெரியும், தேவையில்லாமல் பயப்படுவீர்கள். அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து ஓட்டுங்கள். விண்டோஸ் பல நேரம், இருக்கிறாயா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்லாது, என்மேப் உடனே கணினி அணைந்திருக்கிறது போல என்று நினைத்து விலகிவிடக்கூடும், மைனஸ் போட்டு பெரிய எழுத்தில் பி, சிறிய எழுத்தில் என் கொடுத்தால் பிங்கை விட்டுவிட்டு நேராகச் சோதிக்கும். ஒன்றும் சொல்லாமல் ஓட்டினால் அதிகம் பயன்படும் 1000 போர்ட்டுகளை மட்டும்தான் தொட்டுப் பார்க்கும், 65535-ஐயும் பார்க்கச் சொன்னால் நேரம் எடுக்கும். விடை மூன்று விதமாக வரும். ஓப்பன் என்றால் அங்கே ஒரு புரோகிராம் பதில் சொன்னது. க்ளோஸ்ட் என்றால் கணினி வரை போனேன், ஆனால் அங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஃபில்டர்ட் என்றால் பதிலே வரவில்லை, நடுவில் ஃபயர்வால் தடுக்கிறது, உங்கள் 445-க்கு இதுதான் வர வேண்டும். உங்களுடையது அல்லாத கணினியை, அலுவலகக் கணினி உட்பட, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஸ்கேன் செய்யாதீர்கள், பல நாடுகளில் சட்டச் சிக்கல் வரும், வேலையும் போகலாம்.

இணையத்தின் பக்கமிருந்து பார்ப்பது இன்னொரு அடுக்கு. போர்ட் சரிபார்க்கும் இணையதளங்கள் உண்டு, அவற்றில் ஸ்டீவ் கிப்சனின் ஷீல்ட்ஸ்அப் நீண்ட காலமாக இருப்பது. ஆனால் ரௌட்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு ஐபிவி4-இல் சோதித்தால் அது பார்ப்பது ரௌட்டரை, உங்கள் லேப்டாப்பை அல்ல. அதில் ஏதாவது திறந்திருப்பதாக வந்தால் ரௌட்டரின் அட்மின் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுச் சாதனத்துக்கு அனுப்பும் ஏற்பாடு) பட்டியலைத் திறந்து பாருங்கள், சாதனங்கள் தாமாகவே அப்படி வழி கேட்டு வாங்க விடும் யுபிஎன்பி ஆன் ஆகியிருந்தால் வீட்டில் இருக்கும் கேமராவோ கேம் கன்சோலோ உங்களைக் கேட்காமலேயே ஒரு வழியைத் திறந்திருக்கலாம். தேவை இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள். 3389 அங்கே இருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்தில் விடுவது ரான்சம்வேர் கூட்டத்துக்கு மிகவும் பிடித்த வழி, தொலைவிலிருந்து வேலை பார்க்க வேண்டுமானால் விபிஎன் வழியாகப் போங்கள். கேமரா, என்ஏஎஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி போன்றவற்றை இணையம் முழுக்கத் தேடிப் பட்டியல் போடும் ஷோடான் போன்ற தேடுபொறிகள் 2009-லிருந்தே இருக்கின்றன, உங்களை யாரும் குறிவைத்துத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இனி நீங்கள் உண்மையில் கேட்க நினைத்த கேள்வி, யாராவது உள்ளே இருக்கிறார்களா என்பது. இதற்கு லிசனிங் பட்டியல் பலவீனமான சாட்சி. இன்றைக்கு வரும் தீய மென்பொருள்களில் பெரும்பாலானவை போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை, ரௌட்டர் தடுத்துவிடும் என்று அவற்றை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் அவையே வெளியே போய்த் தங்கள் சர்வரைத் தொடர்புகொள்ளும், அதுவும் சாதாரண இணையதளம் போலவே 443 வழியாக. ஆகவே சந்தேகம் இருந்தால் பார்க்க வேண்டியது எஸ்டாப்ளிஷ்ட் வரிகளை. பிரவுசர், மெயில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, டிசிபிவியூவை அட்மினாக ஓட்டிப் பத்து நிமிடம் பாருங்கள். எது இன்னும் வெளியே பேசிக்கொண்டிருக்கிறது, அதன் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் நிறைய வரும், அது விண்டோஸ் சேவைகளைச் சுமக்கும் புரோகிராம், சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்தால் சரி. அதே பெயர் டெம்ப் ஃபோல்டரிலோ டவுன்லோட்ஸிலோ இருந்து ஓடினால், அல்லது பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தால், அது நிஜமான அபாயம். அப்போது நெட்டைத் துண்டியுங்கள், வேறு கணினியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். இயங்குதளத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகை இருந்தால் நெட்ஸ்டாட்டையே ஏமாற்றித் தன் வரியை மறைக்க முடியும். உள்ளே ஓட்டிய பட்டியலில் இல்லாத ஒரு போர்ட், பக்கத்துக் கணினியிலிருந்து ஓட்டிய என்மேப்பில் ஓப்பன் என்று வந்தால் அந்தக் கணினியை இனி நம்பாமல் டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக விண்டோஸ் போடுவதுதான் முறை.

உங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குப் போக நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. ரிசோர்ஸ் மானிட்டரில் அனுமதி உண்டு என்று வரும் வரிகளை மட்டும் பாருங்கள். அதில் எது என்னவென்று புரியாவிட்டால் புரோகிராம் பெயர், ஃபைல் இருக்கும் ஃபோல்டர், லோக்கல் அட்ரஸ் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதானால் எஸ்டாப்ளிஷ்ட் வரிகளில் இருக்கும் நீளமான ஐபிவி6 முகவரிகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள், லோக்கல் அட்ரஸ் பக்கம் இருப்பது உங்கள் கணினியின் நேரடி இணைய முகவரியாக இருக்கக்கூடும், அது என்னிடம்கூட இருக்க வேண்டியதில்லை.